உபின் தீவுத் திணை: வாடகைச் சைக்கிளை முன்வைத்து ஓர் ஆய்வு

நண்பர்கள் கூடித் தீவுக்குப் போய், கூடாரமடித்து, சைக்கிள் மிதித்து, முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பும் வார இறுதி வழக்கத்துக்கு நம் இலக்கணிகள் திணை வகுக்கவில்லை. அக்குறை நீக்க எழுந்தது இவ்வாய்வு. களம், சிங்கப்பூரின் வடகிழக்கே ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் புலாவ் உபின். வாட்ஸ்அப் குழுவில் "கண்டிப்பா வர்றேன்" என்று எழுதியவர்களுள் பலர் சாங்கி படகுத்துறைக்கு வந்து சேரவில்லை. இது முந்தைய ஆய்வுகள் அனைத்தோடும் ஒத்துப்போவதால் விளக்கம் தேவையில்லை.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம் சொல்லியாயிற்று. பொழுதில்தான் சிக்கல். 12 பேர் சேர்ந்தால்தான் பம்போட் எனும் விசைப்படகு கிளம்பும். ஆகவே பெரும்பொழுது, சிறுபொழுது எனும் பகுப்பு இங்கே செல்லாது. பன்னிரண்டாம் ஆள் வரும் பொழுது ஒன்றே பொழுது. பொறுக்க மாட்டாதோர் வராதவர்களின் கட்டணத்தையும் தாமே கட்டிப் புறப்படலாம். தலைக்கு 4 வெள்ளி. எந்த நட்புக்கூட்டத்திலும் கையில் ரொக்கம் வைத்திருப்பவர் ஒருவர்தான். அவரை வாசகர் நினைவில் இருத்துக.

கருப்பொருளில் திணைமயக்கம் மிகுதி. குறிஞ்சிக்குரிய காட்டுப்பன்றி இங்கே நெய்தல் மணலில் நின்று பிரெட் பாக்கெட்டை முகர்கிறது. உணவு, கப் நூடுல்ஸ். பறை, சைக்கிள் மணி. தெய்வம், பவர் பேங்க். ஏனையவற்றை ஒதுக்கி ஆய்வின் மையத்துக்கு வருவோம்.

கூடாரமே இத்திணையின் தலையாய பொருள் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. கூடாரத்துள் எல்லோருக்கும் கொசு ஒன்றே, புழுக்கமும் ஒன்றே. மனிதரை மேலோர், கீழோர் எனப் பிரிப்பது வாடகைச் சைக்கிள். படகு கரை தட்டியதும் கம்பத்துத் தெருவில் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். அங்கே அதுவரை "மச்சான், மச்சான்" என்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு டயரை அமுக்கத் தொடங்குவார்கள். ஒருவர் பிரேக்கைப் பிடித்துப் பார்க்கிறார். ஒருவர் கியரை மாற்றிக்கொண்டே கடை முன் ஒரு வட்டம் அடிக்கிறார். சீட்டைக் கட்டை விரலால் குத்தி ஆராயும் மூன்றாமவரே அனுபவசாலி. நாளைக்கு நிமிர்ந்து உட்காரப் போகிறவரும் அவரே. நம் ரொக்கக்காரர் படகுக் கணக்கை முடித்து வந்து சேரும்போது மிஞ்சியிருப்பது முன்கூடை வைத்த, கியரில்லாத, இடப்பக்க மிதிகட்டை ஒவ்வொரு சுற்றுக்கும் 'கடக்' என்னும் ஒரு வண்டி.

இதன் விளைவு கூர்ந்து நோக்கத்தக்கது. கூடை அவரிடம் இருப்பதால் எல்லோருடைய தண்ணீர் பாட்டிலும் அவரிடம் சேரும். பாரம் ஏறியதால் மேட்டில் இறங்கித் தள்ளுவார். தள்ளுவதால் பிந்துவார். பிந்தித் தனியே வருபவரின் கூடையில் இருக்கும் பிஸ்கட்டைக் குரங்கு வந்து எடுக்கும். "பிஸ்கட் எங்கடா?" என்று அவரைத்தான் கேட்பார்கள். எனவே இத்திணையின் உரிப்பொருள் ஊடல் என்க. மருதத்து ஊடலுக்குப் பரத்தை காரணம், இதற்குக் கூடை.

ஊடல் தணியும் இடம் ஒன்றுண்டு, செக் ஜாவா. 2001 டிசம்பரில் கடலைத் தூர்க்கும் திட்டத்தை அரசு தள்ளிவைத்ததால் பிழைத்த ஈரநிலம். அதன் நடைபாலத்தில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. வாசலிலே நிறுத்திவிட்டு எல்லோரும் காலால் நடக்கவேண்டும். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அத்தொலைவு முழுக்கச் சமத்துவம் நிலவுகிறது. பாலம் முடிந்ததும் அவரவர் சாதி அவரவர் சைக்கிள்.

இரவு மாமாம் கடற்கரையில். எதிரே ஜொகூர் விளக்குகள். கைப்பேசிகள் மலேசியாவுக்கு நல்வரவு என்கின்றன; ரோமிங்கை அணைக்காதவர் எழுந்து ஓடுகிறார். இங்கே தீவின் கதையொன்று நம் கருதுகோளுக்கு வலுச்சேர்க்கிறது. தவளை, பன்றி, யானை மூன்றும் ஜொகூருக்கு யார் முதலில் சேர்வது என்று பந்தயம் போட்டு, ஒன்றும் போய்ச்சேராமல் கல்லாயினவாம். தவளை செக்குடு தீவாயிற்று. பன்றியும் யானையும் உபினாயின. நண்பர்கள் உற்சாகமாகத் திட்டமிட்ட பயணத்துக்கு இதைவிடப் பழைய சான்று எமக்குக் கிட்டவில்லை. அவர்களுள் கூடை யாரிடம் இருந்தது என்பதைக் கதை சொல்லாமல் விட்டது பெருங்குறை.

முடிபு: ரொக்கம் வைத்திருப்போர் படகுப் பணத்தை இன்னொருவர் கையில் திணித்துவிட்டு முதல் ஆளாகக் கடைக்கு ஓடுக. கியரைப் பிறகு பார்க்கலாம், முதலில் சீட்டைக் குத்திப் பார்க்கவும்.