பூசை முந்தியா, பூச்சு முந்தியா? புதுச்சேரிக் குட்டி யானைகளின் மேல்தோல் குறித்து ஓர் ஆய்வு

2005-இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்து, நம் மக்களால் 'குட்டி யானை' என்று பெயர்சூட்டப்பட்ட காலந்தொட்டு அதன் சுமைதிறன், மைலேஜ், மாதத் தவணை ஆகியவை பற்றி வேண்டிய மட்டும் பேசியாயிற்று. அதன் தோலைப் பற்றி மட்டும் அறிவுலகம் வாய் திறக்கவில்லை. அக்குறையைப் போக்க வந்ததே இக்கட்டுரை.

முதலில் தரவு. புது வண்டியின் தகட்டின்மேல் துருத்தடுப்பு, நிறம், அதற்கு மேல் கிளியர் கோட் என்று ஏறியிருக்கும் பெயின்ட் மொத்தமே ஏறத்தாழ 100 முதல் 120 மைக்ரான். அதைக் காக்க ஒட்டும் பிபிஎஃப் எனும் பாலியூரித்தேன் படலமோ 150 முதல் 200 மைக்ரான். முதலாளியைவிடக் காவல்காரர் பருமன். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகள் மணலடித்துத் தேயாமலிருக்க ஒட்டிய சரக்கின் வாரிசு இது. செராமிக் கோட்டிங் இன்னொரு சாதி: சிலிக்கா கலந்த திரவம், காய்ந்தபின் ஓரிரு மைக்ரான்தான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், கறை எளிதில் பிடிக்காது. கல் தெறித்தால் மட்டும் ஒன்றும் செய்யாது. விற்பவர் இதைக் கடைசியில்தான் சொல்வார்.

இனி மையச் சிக்கல். மணக்குள விநாயகர் கோயில் வாசலில் புது வண்டி நிற்கிறது. முகப்பில் சந்தனம், அதன்மேல் குங்குமம், மாலை, கற்பூரம். பிறகு சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். வண்டி நகர, சிட்ரிக் அமிலம் நாலாபுறமும் தெறிக்கிறது. கோட்டிங் அடித்தால் ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரம் கழுவக்கூடாது என்பது கடை விதி. ஆகவே பூச்சை முதலில் முடித்தால் ஈரச் சந்தனம் அதைக் கெடுக்கும். பூசையை முதலில் முடித்தால் உலர்ந்த சந்தனத்தைத் தேய்க்கும்போது கீறல் விழும். இதனால் அறிஞர்கள் இரு அணியாயினர். பூசை அணியின் ஒரு கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதிலில்லை: "பூசை போடாத வண்டிய கோட்டிங் கடை வரைக்கும் எப்படிண்ணே ஓட்டிட்டுப் போறது?"

சிக்கல் இத்தோடு தீரவில்லை. பளபளப்புக் கூடக் கூடத் திருஷ்டியும் கூடும், இது நேர்விகிதம். எனவே பெரும்பணம் கொடுத்து வாங்கிய மினுக்கத்தைத் தணிக்கக் கறுப்புக் கயிறு, படிகாரம், நாக்கு நீட்டிய அரக்கன் முகம், பின்பக்கம் ஒரு பழைய செருப்பு. வேகத்தடைதோறும் அந்தச் செருப்பு ஆடி ஆடிப் பின்கதவின் பெயின்டை உரசும். மேற்படி பெயின்டுக்குப் புறத்தாக்குதலைவிட இந்த உள்நாட்டுக் காவலால் விளையும் சேதமே அதிகம் என்பது என் துணிபு.

உண்மையான பகைவன் உப்பு. வங்கக் கடலோரத்து மஞ்சள் சுவர்களின் காரை பொரிந்து உதிர்வதில் அதன் கைவரிசையைக் காணலாம். வண்டியில் அது மேலே நேரம் கடத்துவதில்லை. ஈரத்தோடு சேஸிஸ் மடிப்பிலும், சக்கர வளைவின் உட்புறத்திலும், கதவின் அடிவிளிம்பிலும் தங்கி இரும்பைத் தின்கிறது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன்பெட்டி ஏற்றும் வண்டிகளுக்கு ஐஸ் உருகிச் சொட்டும் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். அந்த அடிப்பக்கத்துக்குப் படலமும் இல்லை, சந்தனமும் இல்லை. யார் கண்ணும் படாத இடமல்லவா, திருஷ்டிக் கயிறுகூடக் கட்டுவதில்லை.

ஆகவே வண்டிக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். கோட்டிங் கடைக்கு முன்பணம் கட்டுவதற்குள், ஒரு நடை லோடு இறக்கியதும் குழாயை வண்டிக்கு அடியில் காட்டுங்கள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம். நல்ல தண்ணீராக இருக்கட்டும்.