கரிப்பும் கலவையும்

கேள்வி: மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரை போயிருந்தோம். கடல்நீரும் கலவை, கரை மணலும் கலவை என்கிறாள் மகள். இரண்டும் ஒன்றா?
- வாசகி, புதுச்சேரி

பதில்: கலவை என்பது சரி, வகைதான் வேறு. கடல்நீர் ஒருபடித்தானது, அதாவது எங்கும் ஒரே சீராகக் கலந்தது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியும். வடிகட்டினால் பிரியாது, வெயிலில் வற்றினால் பிரியும். மரக்காணம் உப்பளங்கள் பிழைப்பதே அதனால்தான்.

மணல் பலபடித்தானது. ஒரு பிடி அள்ளிப் பாருங்கள்: பளிங்குத் துகள், சிப்பித்தூள், கறுப்பு மணிகள். கறுப்பில் மேக்னடைட் இருந்தால் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கலவையில் யாரும் தன் குணத்தை விடுவதில்லை; வேதிவினையால் இணையும் சேர்மத்தில் விட்டே ஆக வேண்டும். தண்ணீர் பட்டாலே சீறும் சோடியமும், நச்சு வாயுவான குளோரினும் சேர்ந்ததுதான் நம் சாப்பாட்டு உப்பு! மகளைத் தொடர்ந்து கேள்வி கேட்க விடுங்கள்.