உராய்வைக் கைது செய்யுங்கள்

விருதுநகர் மாவட்டத்தில் இத்தனை பேரைக் கொன்ற ஆசாமி இன்னும் வெளியில்தான் திரிகிறார். பெயர் உராய்வு. பட்டாசு ஆலை எங்கே வெடித்தாலும் மறுநாள் பேப்பரில் அவர் பெயர்தான்: மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டதால் விபத்து. சித்திரை, வைகாசியில் மச்சான் வெயிலும் கூட்டுச் சேர்ந்துகொள்வார். முதலாளி? அவருக்கென்றே 'தலைமறைவு' என்றொரு சொல்லை வைத்திருக்கிறோம்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி, ஓம் சக்தி ஆலை. உரிமத்தை நிறுத்திவைத்த பிறகும் உள்ளே வேலை நடந்தது. சாவு 40-ஐ நெருங்கியது; புகையைக் கண்டு ஓடிவந்த ஊர்க்காரர்களும் அதில் சேர்த்தி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். ஒரே ஆலையைப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தார்கள். 20 பேருக்கு மேல் கருகினார்கள். பிறகு செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1-இல் சின்னக்காமன்பட்டி. உள்குத்தகை பேசி அட்வான்ஸ் வாங்குகிற அளவுக்கு உராய்வு விவரமானவர், பாருங்கள்.

மருந்து அடைக்கும் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது உள்ளே எத்தனை பேர், வேப்பமரத்தடியில் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு, வெடித்த பிறகுதான் அதிகாரிகள் வருகிறார்கள். கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும். ராத்திரி தங்கினால் ஈரம் பட்டுத் தானாகவே சூடேறும். மிச்சத்தை மூடிவைத்து, காலையில் அதிலேயே கை வைக்கச் சொல்கிறவரும் உராய்வுதானோ? அலுமினியப் பவுடர் படிந்து நகம், புருவமெல்லாம் வெள்ளியாகி உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. நிதானமாகச் செய்தால் உயிர் மிஞ்சும், காசு மிஞ்சாது. பேன்சி ரகத்துக்கு மவுசு கூடியபின் அந்த நிதானமும் போயிற்று.

உராய்வுக்குச் சென்னையில் ஒரு தம்பி உண்டு, பெயர் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. எங்கள் குழாயில் கசிவே இல்லை என்றது நிறுவனம். வளாகத்தில் தேங்கிக் கிடந்த எண்ணெய்தான் வெளியேறியது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மீனவர்கள் கையில் குவளையைக் கொடுத்து அள்ளச் சொன்னார்கள். 2017 ஜனவரியில் அதே எண்ணூருக்கு அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளிதான். பொதுத்துறைப் பெருநிறுவனமானாலும் சாத்தூர்ப் பட்டாசுத் தகரக் கொட்டகையானாலும், பழி போட இயற்கை கிடைத்துவிடுகிறது. அள்ளுவதற்கு ஏழை கிடைத்துவிடுகிறான்.

ஆலை வெடித்த பிறகு சடங்குகள். இரங்கல் அறிக்கை, லட்சங்களில் நிவாரணம், விசாரணைக் குழு, ஆலை உரிமம் தற்காலிக ரத்து. முதலில் கைதாகிறவர் போர்மேன். மாதச் சம்பளக்காரர், ஓடி ஒளியப் பண்ணைவீடு கிடையாது. வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை, வருவாய்த் துறை, தொழிலகப் பாதுகாப்புத் துறை மூன்றும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும். உரிமம் கொடுக்கும்போது மூவருக்கும் கண் நன்றாகத்தான் தெரிந்தது.

செத்துப்போன அக்காவின் வீட்டுக்கு நிவாரணக் காசோலைக்கு முன்னாலேயே மகளிர் குழுக் கடன்காரர் வந்துவிடுவார். அந்தத் தவணையைத் தற்காலிகமாக ரத்து செய்ய எந்தத் துறைக்கும் அதிகாரம் இல்லையாம்.