சுழலும் தட்டும் சோமு கச்சேரியும்

எழுந்து போகாமல் பாட்டுக் கேட்க வேண்டும் என்ற ஒரே லட்சியத்துக்காக மனிதன் நூறு வருஷமாகப் பாடுபட்டிருக்கிறான். கிராமபோன் தட்டு மூன்று, நான்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆளை எழுப்பியது. 1948-ல் எல்.பி. வந்த பிறகு இருபது நிமிஷம் சாய்ந்திருக்க முடிந்தது. கேசட்டில் ஒரு பக்கம் அரை மணி. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சிடி 74 நிமிஷம் உட்கார வைத்தது. அதற்கும் அலுத்துக்கொண்டவர்களுக்காகச் செய்ததுதான் சேஞ்சர் என்கிற பல தட்டு சிடி பிளேயர். ஐந்து தட்டு மாடல் என்றால் 370 நிமிஷம், அதாவது ஆறு மணி நேரம் பத்து நிமிஷம். அதற்குள் எழுந்திருக்க வேறு இயற்கையான காரணங்கள் வந்துவிடும். அவற்றுக்கு ஜப்பான்காரர்கள் பொறுப்பல்ல.

இந்த 74 நிமிஷக் கணக்குக்கு ஒரு கதை சொல்வார்கள். சோனி கம்பெனியின் நோரியோ ஓகா முறையாகச் சங்கீதம் படித்தவர். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி ஒரே தட்டில் அடங்கியாக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தாராம். நிஜமோ, பிற்பாடு கட்டியதோ, என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் வருத்தப்பட்டார். "அந்த ஆளை யாராவது மதுரை சோமு கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்டா."

கர்நாடக சங்கீத வித்வான் சோமு விடிய விடியப் பாடுவதற்குப் பேர்போனவர். ஐந்து மணி நேரக் கச்சேரி ஒரே தட்டில் அடங்குவதென்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 சென்டிமீட்டர் விட்டம் 22 சென்டிமீட்டரைத் தொடுகிறது. அப்பாவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அவரிடம் இருந்தது 12 சென்டிமீட்டர்தான் என்பதுதான் பிரச்சினை. பழைய கேசட்டுகளைக் கடையில் கொடுத்து சிடியாக ரைட் பண்ணி வாங்கியிருந்தார். ஒரே கச்சேரி, நாலு சிடி.

2001 வாக்கில் வீட்டு ஸ்டீரியோவுக்கு ஒரு சேஞ்சர் வாங்க, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு அப்பாவோடு போனேன். ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் வீட்டில் இருக்கின்றன, பிளேயர் மட்டும் போதும் என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், டேப், ரேடியோ, மூன்று சிடி சேஞ்சர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த மினி சிஸ்டத்தைக் காட்டினார். முன்பக்கம் வெள்ளி எழுத்தில் '2500 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று மின்னியது.

அப்பா மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாட்ஸ் என்று காதில் விழுந்தால் அவரைச் சும்மா இருக்க வைக்க முடியாது.

"பிளக் எத்தனை ஆம்பியர் தம்பி?"

"சாதா அஞ்சு ஆம்பியர்தான் சார். தனி லைன்லாம் வேணாம்."

அப்பா மனசுக்குள் பெருக்கினார். 230 வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் என்றால் 1150 வாட்ஸ். அதற்கு மேல் அந்த பிளக்கில் இழுத்தால் ஃபியூஸ் போகும். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பெட்டியைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். மின் நுகர்வு 75 வாட்ஸ்.

"வாங்கிக்கிறது எழுபத்தஞ்சு, குடுக்கிறது ரெண்டாயிரத்து ஐந்நூறு. இதை ஏன் தம்பி கடையில வச்சிருக்கீங்க? மேட்டூர்ல கொண்டுபோய் வைங்க. தமிழ்நாட்டுல பவர் கட்டே இருக்காது."

பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுகோல் எதுவும் கிடையாது. கம்பெனிக்காரருக்கு அன்றைக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான். பார்க்க வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ்.; அது முன்பக்கத்தில் இருக்காது, விளக்கப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும். எப்படியும் பிளேயர் என்பது வாட்ஸில் சேர்த்தியே இல்லாத சாமான். சத்தம் போடுவது ஆம்ப்ளிஃபையரின் வேலை.

சேஞ்சர்கள் மூன்று சாதி. முதலாவது சுழல் தட்டு. டிரேயை இழுத்தால் ஐந்து பள்ளத்தோடு இட்லித் தட்டு மாதிரி வெளியே வரும். ஒரு சிடி பாடிக்கொண்டிருக்கும்போதே டிரேயைத் திறந்து மற்ற நாலையும் மாற்றலாம் என்பது இதன் பெருமை. இரண்டாவது மாகஸின் வகை. ஆறு சிடிகளை ஒரு சின்னப் பெட்டிக்குள் சொருகி, அந்தப் பெட்டியை பிளேயருக்குள் தள்ள வேண்டும். சில கம்பெனி மாகஸினில் சிடியைப் படம் கீழே இருக்கும்படி குப்புறப் போட வேண்டும். நல்லபடி மல்லாக்கப் போட்டவர்களுக்கு அது பாடாது. உள்ளே இருக்கும் ஒன்றை மாற்றவும் பாட்டை நிறுத்தி முழுப் பெட்டியையும் வெளியே எடுத்தாக வேண்டும்.

மூன்றாவது, இருநூறு, முந்நூறு, நானூறு சிடி கொள்ளும் ராட்சதன். நியூ ஜெர்சியில் இருக்கும் என் மாமா முந்நூறு தட்டு வாங்கினார். அவரிடம் இருந்த சிடிகள் நாற்பது சொச்சம். எதிர்காலத்தை உத்தேசித்து ஒன்று முதல் ஐம்பது பக்தி, அடுத்த ஐம்பது சினிமா என்று இடம் ஒதுக்கி, எந்த எண்ணில் எது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். பெயர்களை அடித்து வைக்க சில மாடல்களில் கம்ப்யூட்டர் கீபோர்டைச் சொருகவே வசதி இருந்தது. மாமா நோட்டையே நம்பினார். சீர்காழியைக் கேட்க ஆசைப்பட்ட போதெல்லாம் நோட்டைத் தேடி எழுந்து போனார். மாமி அதில் மளிகைக் கணக்கு எழுதத் தொடங்கிய பிறகு, 217-ம் எண்ணில் இருப்பது சீர்காழியா துவரம்பருப்பா என்று மாமாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்பாவின் ஓட்டு மாகஸினுக்கு. சீல் வைத்த பெட்டி, நடுவில் யாரும் கைவைக்க முடியாது என்றார். என் மனைவி ஒரே வார்த்தையில் சுழல் தட்டு என்றாள். காரணத்தை அப்பாவுக்குக் கேட்காதபடி என்னிடம் மட்டும் சொன்னாள்: "ஏங்க, உங்கப்பா கண் அசரும்போது மாத்திக்கலாம்ல."

சுழல் தட்டே வந்தது. அது வந்த அன்றே தொகுதிப் பங்கீடு ஆரம்பமானது. ஐந்தில் நாலு சோமுவுக்கு. மிச்சமிருந்த ஒரே தொகுதியில் அம்மாவின் கந்த சஷ்டி கவசம், மனைவியின் இளையராஜா, பையனின் ஏ.ஆர். ரஹ்மான், என் டி.எம்.எஸ். என்று நான்குமுனைப் போட்டி. காலையில் அம்மா ஜெயிப்பாள். சாயங்காலம் யார் முதலில் வீடு திரும்புகிறார்களோ அவர்கள். சோமு ராக ஆலாபனையில் ஆழ்ந்திருக்கும்போது டிரே ஓசைப்படாமல் திறக்கும், மூன்றாவது கச்சேரி சிடி மறைந்து இளையராஜா உட்காருவார். மனைவியும் பையனும் சண்டையில்லாமல் சேர்ந்து செய்த காரியம் அந்த வருஷத்தில் இது ஒன்றுதான்.

ஒரு தட்டு முடிந்து அடுத்தது சுழன்று வர நல்ல இடைவெளி விழும். இந்தக் குறை எல்லா சேஞ்சருக்கும் உண்டு. அப்பா அதைக் குறையாகவே நினைக்கவில்லை. சபாவில் கேன்டீனுக்குப் போய் வரும் நேரம் அது என்று வைத்துக்கொண்டு, "காப்பி" என்று குரல் கொடுப்பார். காப்பி வரும்போது அடுத்த தட்டிலிருந்து சோமுவுக்குப் பதில் சினிமா டூயட் வரும். அப்பா சந்தேகத்தோடு பெட்டியைப் பார்ப்பார். நாங்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்ப்போம்.

ரிமோட்டில் 'ரேண்டம்' என்று ஒரு பட்டன் இருக்கும். ஐந்து தட்டையும் கலைத்து, தோன்றின வரிசையில் பாடும். பையன் ஒருநாள் அதை அமுக்கிவிட்டான். கச்சேரி மங்களத்தில் தொடங்கியது. அடுத்து, எந்தக் கீர்த்தனைக்கு என்று தெரியாமல் ஒரு தனி ஆவர்த்தனம். பிறகு பல்லவி, அதற்குப் பின்னால் தானம், நடுவில் கொஞ்சம் ரஹ்மான், கடைசியில் வர்ணம். அப்பா முழுசாகக் கேட்டுவிட்டு, "இப்பல்லாம் சபாவுல இப்படித்தான் பாடுறாங்க" என்றார்.

இவ்வளவு அரசியலையும் ஒரே நாளில் முடித்துவைத்தது எம்பி3. பையன் பர்மா பஜாரிலிருந்து ஒரு சிடி கொண்டுவந்தான்; அதில் நூற்றைம்பது பாட்டு. எங்கள் பிளேயர் அதை விழுங்கிப் பார்த்து, 'நோ டிஸ்க்' என்று சொல்லித் துப்பியது. அந்தக் காலத்து சேஞ்சர்களில் பெரும்பாலானவை சாதா ஆடியோ சிடி தவிர வேறெதையும் அறியாதவை. "ஒரு தட்டுல நூத்தம்பதா? அப்ப மீதி நாலு தட்டு எதுக்குடா?" என்று அப்பா கேட்டார். உலகமும் அதையேதான் கேட்டது. சேஞ்சர் கடைகளிலிருந்து மெல்ல மறைந்தது.

இன்றைக்கு வாங்குவதென்றால் பெரும்பாலும் பழையதுதான் அகப்படும். என் கட்சி இன்னமும் ஐந்து தட்டுச் சுழல் வகைதான். மாகஸின் தொலைந்தால் பிளேயரே வீண். முந்நூறு தட்டுக்காரனை மெக்கானிக் திறந்தால், மூடுவதற்கு வேறொரு மெக்கானிக் வேண்டும். சுழல் தட்டில் சாதாரணமாகக் கெடுவது டிரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அது இறுகியோ தளர்ந்தோ போயிருக்கும்; அதே அளவு பெல்ட் கிடைத்தால் மாற்றுவது சுலபம். லேசர் பலவீனமாகியிருந்தால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஐந்து பள்ளத்திலும் சிடி வைத்து ஒவ்வொன்றையும் ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் பளபளப்பான சிடி எந்தப் பிளேயரிலும் நன்றாகத்தான் பாடும். உங்கள் வீட்டில் இருப்பதிலேயே கீறல் விழுந்த ஒன்றையும், ரைட் பண்ணின சிடி ஒன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.