அழிந்த உலகத்து அண்ணன்

தோட்டம் என்று இருந்தால் அங்கே ஒரு தலைவர் இருப்பார், ஒரு பூசாரி இருப்பார், கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தால் விடாத ஒருவர் இருப்பார். அண்மைக் காலமாகப் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்த வரிசையில் இன்னொருவரும் சேர்ந்திருக்கிறார். அணுகுண்டு விழுந்து அழிந்துபோன அமெரிக்காவில் எப்படி உயிர் பிழைப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் இவர். கொழும்பில் ஒரு துணிக்கடையில் சில காலம் நின்றதைத் தவிர வேறு தேசாந்திரம் போனவரில்லை. ஆனால் கலிபோர்னியாப் பாலைவனத்தில் எந்த ஊரில் கயிறு கிடைக்கும், எந்த ஊரில் நாய் கிடைக்கும் என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

பசறைப் பக்கம் ஒருவர், மடுல்சீமைப் பக்கம் ஒருவர், ஹாலிஎலையில் ஒருவர் என்று இவர்கள் பரவலாகவே இருக்கிறார்கள். பண்டாரவளை வகைக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் அதிகம். நமூனுகுல வகைக்குச் சிக்னல் இல்லாததால் பொறுமை அதிகம். எல்லாருக்கும் பொதுவான வசிப்பிடம் கொமியூனிகேஷன் கடை. போட்டோ கொப்பி, ரீலோட், அடையாள அட்டைப் படம், ஈ.பி.எஃப். படிவம் நிரப்புதல் ஆகியவை அங்கே நடக்கும் உபதொழில்கள். பிரதான தொழில் ஆலோசனை. காசு வாங்குவதில்லை. 'அண்ணே' என்று கூப்பிட்டால் போதும். 'சேர்' என்று கூப்பிட்டால் முகம் சுருங்கிவிடும், ஏனென்றால் அவரை அப்படிக் கூப்பிடுபவர்கள் படிவம் நிரப்ப வந்தவர்கள்.

விளையாட்டின் பெயர் 'ஃபால்அவுட்'. 1997இல் இன்டர்பிளே நிறுவனம் வெளியிட்டது. டிம் கெய்ன் என்பவர் முன்னின்று உருவாக்கியது. அதே நிறுவனம் 1988இல் உருவாக்கிய 'வேஸ்ட்லேண்ட்' விளையாட்டுக்கு இதைப் பங்காளி முறை என்று சொல்லலாம். கதைப்படி 2077இல் அணு யுத்தம் நடந்து உலகம் சாம்பலாகிறது. மலைக்கு அடியில் தோண்டிய 13ஆம் வால்ட்டுக்குள் ஒரு கூட்டம் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்கிறது. 2161இல் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் சில்லு பழுதாகிவிடுகிறது. 150 நாட்களுக்குள் வேறு சில்லு கொண்டுவர வேண்டும். வால்ட்டின் மேலாளரை நம் அண்ணன் 'பெரிய கங்காணி' என்பார். அந்தப் பெரிய கங்காணி ஒரு ஆளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார். அந்த ஆள்தான் நாம்.

2024இல் இதே கதையுலகை வைத்துத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு அண்ணனுக்கு மாணவர்கள் பெருகிவிட்டார்கள். வந்தவர்கள் கேட்டதெல்லாம் புதிய பாகங்களை. அண்ணன் மறுத்துவிட்டார். பழைய விளையாட்டில்தான் கதை இருக்கிறது, புதியவற்றில் வெறும் புல்லும் வெளிச்சமும்தான் என்பது அவர் வெளியே சொன்ன காரணம். போட்டோ கொப்பிக் கணக்கு வைப்பதற்காக முதலாளி வாங்கிப் போட்டிருக்கும் கணினியில் புதியது எதுவும் திறக்காது என்பதை அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

பாடம் ஆளை உருவாக்குவதில் தொடங்கும். பலம், பார்வை, தாங்குசக்தி, கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என்று ஏழு குணங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து புள்ளிகள் ஏற்கெனவே இருக்கும், மேலே ஐந்து கையில் தருவார்கள். ஒன்றைக் குறைத்து இன்னொன்றில் போடலாம். இந்த இடத்தில் அண்ணன் பட்ஜெட் வாசிக்கும் நிதி அமைச்சரின் முகத்தோடு உட்காருவார்.

"மொதல்ல 'கிஃப்டட்' எடு தம்பி. எல்லாத்துலயும் ஒண்ணு ஏறும். தெறமை கொஞ்சம் கொறையும், பரவால்ல. அஜிலிட்டிய பத்துக்கு ஏத்து. அது இருந்தாத்தான் ஒரு சுத்துல ரெண்டு தடவ சுடலாம். அறிவ நாலுக்குக் கீழ விட்றாத. விட்டா வாயில வார்த்தயே வராது, ஊருக்குள்ள போயி 'ஊ, ஆ'ன்னு நிக்கணும்."

"கரிஸ்மாண்ணே?"

"அத ரெண்டாக்கு. மூஞ்சிய வச்சு என்னா செய்யப்போற?"

இதைச் சொல்பவரின் தலைமுடியில் அன்றைக்குக் காலையில் தடவிய ஜெல் காயாமல் இருக்கும். கண்ணாடி இருக்கும் எந்தப் பக்கம் போனாலும் ஒரு நிமிடம் நிற்பார்.

அவருடைய ஆலோசனைகள் உண்மையிலேயே நல்லவை. கேலி செய்ய வந்தவன் என்றாலும் இதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். வால்ட்டின் கதவுக்கு வெளியே ஒரு எலும்புக்கூடு கிடக்கும். புதிதாக விளையாடுபவர்கள் பயந்தோ மரியாதைக்கோ அதைத் தாண்டிப் போவார்கள். "செத்தவன் பேரு எட். அவனுக்கு இனி ஒண்ணும் தேவயில்ல, சட்டப்பையப் பாரு" என்பார் அண்ணன். பார்த்தால் கத்தியும் தோட்டாவும் இருக்கும். அடுத்து குகையில் எலிகள் வரும். புதியவர்கள் எலிக்கெல்லாம் துப்பாக்கி எடுத்து, முதல் கிராமத்துக்கு வருமுன்பே தோட்டாவைக் குறைத்துக்கொள்வார்கள். எலியைக் கத்தியால் பார்த்துக்கொள், அல்லது விட்டுவிட்டுப் போ, தோட்டா தேளுக்கு வேண்டும் என்பது அவர் உத்தரவு. அந்தத் தேள் ஆள் உயரம். ஷேடி சாண்ட்ஸ் என்ற கிராமத்துக்குள் நுழையும்போது ஆயுதத்தை உள்ளே வைக்க வேண்டும், கையில் பிடித்தபடி போனால் காவல்காரர்களுக்குக் கோபம் வரும். அங்கிருந்து கயிறு இல்லாமல் கிளம்பக் கூடாது, 15ஆம் வால்ட்டுக்குள் இறங்க அது வேண்டும். இதையெல்லாம் விளையாட்டு தானாக எடுத்துச் சொல்லாது. கயிற்றை மறந்துவிட்டு அத்தனை தூரம் நடந்து போய், குழியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். வழியில் கழியும் ஒவ்வொரு நாளும் அந்த 150இல் கழியும்.

துணைக்கு வரும் ஆட்களைப் பற்றிய பாடம் தனி. ஷேடி சாண்ட்ஸில் இயன் என்று ஒருவன் இருப்பான். நூறு மூடி கொடுத்தால் கூட வருவான். (அங்கே சல்லிக்குப் பதிலாகச் சோடாப் போத்தல் மூடிதான் புழங்கும்.) பேச்சுத் திறமை இருந்தால் கொடுக்காமலும் கூட்டிவரலாம். ஆனால் அவன் கையில் சரமாரியாகச் சுடும் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு அவன் முன்னால் நிற்கக் கூடாது. எதிரிக்கும் நமக்கும் அவன் பேதம் பார்ப்பதில்லை. இந்த விளையாட்டில் செத்தவர்களை எண்ணினால், பகைவனிடம் செத்தவர்களுக்குக் கொஞ்சமும் குறையாமல் இயனிடம் செத்தவர்களும் இருப்பார்கள் என்பது அண்ணனின் கணிப்பு. ஜங்டவுனில் கிடைக்கும் நாய் நம்பகமானது. சுட்ட உடும்பு மாதிரி ஒன்றைக் கொடுத்தால் பின்னாலேயே வந்துவிடும்.

இந்த முதல் பாகத்தில் இன்னொரு பெரிய தொல்லை, கூட வருபவர்கள் வாசலில் நின்றுகொண்டு விலகமாட்டார்கள். தள்ளிவிட வழி இல்லை. அந்த வசதி 1998இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் வந்தது. உலகம் முழுக்க இதற்காகத் திட்டியிருக்கிறார்கள். நம் அண்ணன் மட்டும் திட்டுவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழு பேரோடு வளர்ந்தவர். "வாசல்ல ஆளு நின்னா போக முடியாதுதான? இதுல கொற சொல்ல என்னா இருக்கு?"

சேமித்து வைப்பதைப் பற்றி அவர் பேசினால் மட்டும் குரல் மாறும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் உருவான ஞானம் அது. மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, காஸுக்கு ஒரு வரிசை, பெட்ரோலுக்கு ஒரு வரிசை. அந்த நாட்களில் அழிந்த உலகத்தைக் காணக் கணினியைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. திறந்தாலும் நடுச் சண்டையில் திரை கறுத்துவிடும். ஆகவே கதவைத் திறக்குமுன் சேமி, பேசுமுன் சேமி, பேசிய பின்னும் சேமி. ஒரே இடத்தில் சேமிக்காதே. பத்து இடம் கொடுத்திருக்கிறார்கள், மாற்றி மாற்றிப் போடு. சாகப்போகும் நொடியில் ஒரே இடத்தில் சேமித்தவன், திறக்கத் திறக்கச் சாவான்.

இத்தனையும் தண்ணீருக்காக. வேடிக்கையும் இங்கேதான். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும். அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசனை ஏறும் என்பார்கள், கொழும்பு ஏலத்தில் விலையும் ஏறும். அதே காற்றில் பீலி நூலாய் இளைக்கும். லயத்துக்கு ஒரு பீலி, பீலிக்கு ஒரு வரிசை, வரிசையில் நிறம் நிறமாகக் கேன்கள். அந்த மாதங்களில் அண்ணனின் அம்மா கொழுந்து மலையிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாகக் கடைக்குப் போன் எடுப்பார்.

"டேய், கேனு வெறுங்கேனா கெடக்கு. பீலிக்குப் போனியா இல்லயா?"

"தண்ணி விசயமாத்தாம்மா வேலயா இருக்கேன்."

அப்போது அவர் ஹப் என்ற சந்தை ஊரில் இருப்பார். அங்கே தண்ணீர் வியாபாரிகள் உண்டு. மூடிகளை எண்ணி வைத்தால் வால்ட்டுக்கு வண்டியில் தண்ணீர் அனுப்புவார்கள், இன்னும் நூறு நாள் தவணை கிடைக்கும். புதியவர்களுக்கு இது பெரிய வரமாகத் தெரியும். அண்ணன் எச்சரிப்பார். வண்டி போகும் தடத்தை வைத்து, மாஸ்டர் என்ற வில்லனின் ராட்சதக் கூட்டம் வால்ட் இருக்கும் இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். "ஓசில வாற தண்ணிக்குப் பின்னால என்னா வருதுன்னு பாக்கணும் தம்பி" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தோட்டத்துக்குப் பவுசர் வந்துவிட்டதாக அம்மாவின் அடுத்த அழைப்பு வரும். கடைசியில் தங்கைதான் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

அவரை நெருங்கிக் கவனித்தால் ஒன்று புலப்படும். அவர் சொல்லும் கதைகள் எல்லாம் நெக்ரோபொலிஸ் என்ற பிணவூரோடு நின்றுவிடும். சில்லு அந்த ஊரின் அடியில் இருக்கிறது. எடுக்குமுன் அங்குள்ள பம்பைத் திருத்திக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் தாகத்தில் செத்துப்போவார்கள் என்று அக்கறையோடு சொல்வார். அதற்கு அப்பால்? "அப்புறம் ஈஸிதான்" என்பார். உண்மை என்னவென்றால், அங்கே எட்டுமுன்பே அவருக்குத் தன் ஆளின் மீது சந்தேகம் வந்துவிடும். அதிர்ஷ்டத்தில் ஒரு புள்ளி கூட இருந்திருக்கலாமோ, பூட்டுத் திறக்கும் வித்தைக்குப் பதிலாக வைத்தியத்தைத் தேர்ந்திருக்கலாமோ. "ஆளு சரியா வரல" என்று சொல்லி, பழைய ஆளை அழித்துவிட்டு ஏழு குணங்களுக்கும் புள்ளி பிரிக்க உட்கார்ந்துவிடுவார். கொரிய மொழிப் பரீட்சைப் புத்தகம் மூன்றாம் பாடத்தோடு நிற்பதும், சாரதி அனுமதிப்பத்திரம் எழுத்துப் பரீட்சையோடு நிற்பதும் வேறு விசயம். அதைப் பற்றி அம்மா பேசுவார், நாம் பேச வேண்டாம்.

இப்படிப்பட்டவரிடம் போன வருடம் ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த ஒரு பெண் பிள்ளை பாடம் கேட்டுப் போனாள். குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டும் போனாள். அது அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. சில வாரம் கழித்து ரீலோட் போட வந்தவள், போகிற போக்கில் சொன்னாள்:

"அண்ணே, முடிச்சிட்டேன்."

"எத? நெக்ரோபொலிஸா?"

"முழுசா. மாஸ்டரையும் முடிச்சாச்சு."

அண்ணன் ஈ.பி.எஃப். படிவத்தைக் கீழே வைத்தார். "என்னா துப்பாக்கி?"

"சண்டயே போடலண்ணே. அவரு மனுசங்கள எல்லாம் ராட்சதனா மாத்தி ஒரே சாதியாக்கணும்னு சொன்னாரு. அதுங்களால புள்ள பெத்துக்க முடியாதுன்னு ரிப்போட்டோட காட்டினேன். யோசிச்சுப் பாத்துட்டு அவரே குண்ட வச்சுக்கிட்டாரு."

கடையில் அப்போது ஒரு பெரியவர் இருந்தார். பழைய கணக்கப்பிள்ளை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தன் அண்ணன்மார் இரண்டு பேரைத் தலைமன்னார் வரைக்கும் கூடப் போய்க் கப்பலேற்றி விட்டு வந்தவர். ஏதோ காணிக் கடுதாசியைக் கொப்பி எடுக்க வந்து காத்திருந்தார்.

"அப்புறம் தண்ணி கொண்டுபோயிக் குடுத்தியா?" அண்ணனின் குரலில் ஒரு மாணவன் எட்டிப் பார்த்தான்.

"அது எப்பவோ குடுத்தாச்சு. எல்லாம் முடிச்சுட்டு வால்ட்டுக்குத் திரும்பிப் போனேன். பெரிய கங்காணி கதவுக்கு வெளியவே நிக்கிறாரு. ரொம்ப நன்றி, நீ எங்க எல்லாரயும் காப்பாத்திட்ட, ஆனா உள்ள வராத, இனி ஒனக்கு இங்க எடமில்லன்னு சொல்லி அனுப்பிட்டாரு."

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். "பாஸ்போட்டாவது குடுத்தாங்களா பாப்பா?"

"ஒண்ணும் குடுக்கல தாத்தா. அப்பிடியே நடந்து போறதோட முடியுது."

அண்ணன் திரையைப் பார்த்தார். கணினியில் யாரோ ஒருவருடைய அடையாள அட்டைப் படம் பாதி வெட்டியபடி கிடந்தது. நெற்றியைத் தடவினார். இத்தனை காலப் பயிற்சியில் விடை கிடைக்காத கேள்வி என்று அவருக்கு ஒன்று இருந்ததில்லை.

"கரிஸ்மா எத்தன வச்சிருந்த?"

"ரெண்டு. நீங்கதான கொறைக்கச் சொன்னீங்க?"