திருப்புளியைக் கீழே வையுங்கள்!

கேள்வி: அனுமதிப்பத்திரமும் எடுத்து, புது எயார் ரைபிளும் வாங்கிவிட்டேன். "கம்பனியிலேயே குறி பார்த்துத்தான் அனுப்புகிறார்கள்" என்றார் கடைக்காரர். நானும் ஸீரோ செய்ய வேண்டுமா?
– புதுத் துவக்குக்காரர், கெலிஓயா

பதில்: கம்பனியில் குறி பார்த்தவருடைய கண் உங்களிடம் இல்லையே! உங்கள் கண், உங்கள் பிடி, நீங்கள் போடும் சன்னம், நீங்கள் சுடும் தூரம், இந்த நான்கும் ஒத்துப்போவதுதான் ஸீரோ. அதை இன்னொருவர் செய்து தர முடியாது.

கேள்வி: முதல் வெடி இடப்பக்கம் போனது, திருகினேன். அடுத்தது வலப்பக்கம், மறுபடியும் திருகினேன். பின்னேரம் வரை இதே கதை. துவக்கில் பிழையா?
– களைத்துப்போனவர், வெலம்பொட

பதில்: துவக்கு பாவம். ஒரு வெடியை நம்பித் திருகக் கூடாது. எதையும் தொடாமல், ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்து வெடி வையுங்கள். ஐந்து ஓட்டையும் நெருங்கி விழுந்தால் அந்தக் கூட்டத்தின் நடுப்புள்ளியை வைத்துத் திருகலாம். சிதறி விழுந்தால் பிழை பெரும்பாலும் பிடியிலோ, மூச்சிலோ, விசை இழுக்கும் விரலிலோதான். திருப்புளி அதற்கு மருந்தில்லை. ஸ்பிரிங் துவக்கென்றால் இன்னும் கவனம்: இறுக்கிப் பிடித்தால் ஓரிடம், தளர விட்டால் வேறிடம். மணல் பையில் கையை வையுங்கள், கையில் துவக்கை இலேசாகக் கிடத்துங்கள்.

கேள்வி: வெடி இடப்பக்கம் விழுந்தால் குறியை வலப்பக்கம் நகர்த்து என்கிறது கையேடு. இராணுவத்தில் இருந்த மச்சானோ இடப்பக்கம் என்கிறார். யார் சொல்வது சரி?
– நடுவில் மாட்டியவர், கம்பளை

பதில்: இரண்டு பேரும் சரி. கையேடு சொல்வது கண்ணுக்குக் கிட்ட இருக்கும் பின்குறியை. வெடி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் அதை நகர்த்த வேண்டும். மச்சான் பழகியது ரீ-56 என்ற இராணுவ ரைபிள். அதில் ஸீரோ செய்வது குழல் முனையிலுள்ள முன்குறியில். முன்குறி, தவறு போன பக்கமே போக வேண்டும். வெடி கீழே விழுந்தால் முன்குறியும் கீழே. மச்சானைக் கோபிக்காதீர்கள்.

கேள்வி: எவ்வளவு நகர்த்துவது? கைக்கணக்குத்தானா?
– கணக்கு வாத்தியார், பேராதனை

பதில்: உங்களுக்கே கணக்கா, சேர்! தவறிய அளவை இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்ட நீளத்தால் பெருக்கி, சுடும் தூரத்தால் வகுங்கள். குறிகளுக்கிடையே 450 மில்லிமீற்றர், தூரம் 10 மீற்றர், தவறு 20 மில்லிமீற்றர் என்றால் நகர்த்த வேண்டியது 0.9 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. முழுச் சுற்றுச் சுற்றுகிறவர்கள் கவனிக்கவும்.

கேள்வி: பின்குறி, முன்குறி, இலக்கு. எதைக் கூர்ந்து பார்ப்பது? வயது 52.
– மூக்குக்கண்ணாடி, தவுலகல

பதில்: முன்குறியை மட்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கும் கண்ணை 20 வயதுக்காரருக்கும் கடவுள் கொடுக்கவில்லை. இலக்கு கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. முன்குறியே மங்கினால், பின்னால் சிறு துளையுள்ள குறியைப் பூட்டிப் பாருங்கள். துளை சிறிதானால் தூரத்ததும் கிட்டத்ததும் கூடுதல் தெளிவாகும். ஒலிம்பிக்கில் 10 மீற்றர் எயார் ரைபிள் சுடுகிறவர்களும் துளைக்குறிதான் வைத்திருக்கிறார்கள், தொலைநோக்கி அல்ல. அவர்கள் தேடும் 10 புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீற்றர்!

கேள்வி: 10 மீற்றர்தானே, சன்னம் நேராகத்தானே போகும்?
– அவசரக்காரர், கலஹா

பதில்: விநாடிக்கு 175 மீற்றர் வேகத்தில் போனாலும் அந்த 10 மீற்றருக்குள் சுமார் 16 மில்லிமீற்றர் விழுந்துவிடும். அந்த வீழ்ச்சிக்கும் சேர்த்துத்தான் குறி வைக்கிறீர்கள். தூரம் மாறினால் ஸீரோவும் மாறும்.

கேள்வி: மலைநாட்டில் மேல்நோக்கிச் சுட்டால் வெடி கீழே விழும், கீழ்நோக்கிச் சுட்டால் மேலே போகும். சரிதானே?
– ஹந்தானைக்காரர்

பதில்: பாதி சரி. இரண்டிலுமே மேலேதான் போகும். புவியீர்ப்பு கணக்கில் எடுப்பது கிடைத்தூரத்தை. 30 பாகைச் சரிவில் 100 மீற்றர் என்பது அதற்குச் சுமார் 87 மீற்றர்தான்.

கேள்வி: கண்டிக்கும் ரைபிளுக்கும் அப்படியென்ன சொந்தம்?
– சரித்திரப் பிரியர், கண்டி

பதில்: 1900இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படைக்குக் கண்டிதான் தலைமையகம். அதில் ஒரு பிரிவு 1914இல் எகிப்துக்குப் போய், கலிப்போலிப் போரில் பிரித்தானியத் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டுக்குக் காவல் நின்றது. படை 1949இல் கலைந்தது. படையில் வெள்ளைக்காரத் துரைமார் மட்டும். கொழுந்து பறித்தவர்களுக்கு வாய்த்தது துரையின் குறி தப்பாத பேரேடுதான்.

கேள்வி: நான் ஸீரோ செய்த துவக்கு என் மனைவி கையில் வலப்பக்கம் சுடுகிறது. எப்படித் திருத்துவது?
– கணவர், கெலிஓயா

பதில்: யாரை? கண்ணும் கன்னம் பதியும் இடமும் ஆளுக்கு ஆள் வேறு. அவருக்கும் ஐந்து வெடி கொடுத்து, அவருடைய ஸீரோவைத் தனியே குறித்து வையுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்காக எயார் ரைபிள் ஏந்தியவர் தெஹானி எகொடவெல என்ற பெண். யோசித்துப் பேசுங்கள்.

கேள்வி: மச்சானின் துவக்கை ஒரு கிழமைக்கு இரவல் வாங்கலாமா?
– சிக்கனக்காரர், கம்பளை

பதில்: 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்கு மச்சான் உறவு தெரியாது.

கேள்வி: இவ்வளவும் செய்தால் கொய்யா மரத்துக் குரங்கை விரட்டலாமா?
– கொய்யா இழந்தவர், கெலிஓயா

பதில்: 2025 மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து 8.05 வரை பயிரழிக்கும் விலங்குகளின் கணக்கெடுப்புக்காக நாடே முற்றத்தில் நின்று குரங்கும் மயிலும் எண்ணியது. அந்த ஐந்து நிமிடமும் குரங்குகள் நம்மை எண்ணியிருக்கும். நம் ஊரில் ஒருவர் முற்றம் இன்னொருவர் கூரைக்கு மேலே இருக்கிறது. தவறிய சன்னம் எங்கே இறங்கும் என்று தெரியாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது. பின்னால் நல்ல மண்மேடு பார்த்து, காகித இலக்கைச் சுடுங்கள். அது நாளைக்குக் குடும்பத்தோடு வந்து கூரை ஓட்டைக் கழற்றாது.