ஃபார்மேட் அடிச்சிடுங்க மாமா!

மச்சினன் போனை வைத்துவிட்டான். இதை எழுதுகிறவருக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வீட்டு டெஸ்க்டாப் சில நாட்களாக நினைத்த நேரத்தில் நீலமாகிறது. சாய்ந்து கிடக்கும் அந்தச் சோக முகம், ஒரு கியூஆர் கோடு, பக்கத்தில் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று பொடி எழுத்து. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டவன் சொன்ன வைத்தியம்: "ஃபார்மேட் அடிச்சிடுங்க மாமா."

நீலத்திரை ஏன் வருகிறது என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் ஃபார்மேட்டைப் பற்றி ரெண்டு வார்த்தை.

பிரின்டர் பேப்பரைக் கடிக்கிறதா? ஃபார்மேட். கீபோர்டில் காபி கொட்டிவிட்டதா? ஃபார்மேட். யூபிஎஸ் விடாமல் கத்துகிறதா? எதற்கும் ஒரு ஃபார்மேட் அடித்துப் பார்த்துவிடலாம். மாடி வீட்டுப் பையன், ஆபீஸ் அக்கவுண்டன்ட், தண்ணி கேன் போட வந்தவர் எல்லோரும் எழுதுவது ஒரே மருந்துச் சீட்டு. அடித்த பிறகு எல்லாவற்றையும் யார் உட்கார்ந்து திரும்ப ஏற்றுவது என்பதை மட்டும் எந்த டாக்டரும் சொல்வதில்லை. பிரின்டர் டிரைவர் சிடியில் இருக்கும்; சிடி டிரைவ் செத்துப் பல காலம். டேலி சீரியல் நம்பர் எந்த டைரியில் இருக்கிறதோ! தமிழில் அடிக்க என்எச்எம் ரைட்டரைத் தேடிப் போடவேண்டும். பேத்தியின் காதுகுத்துப் படங்கள் டெஸ்க்டாப்பிலேயே கிடந்தது, எல்லாம் துடைத்துப்போன பிறகுதான் ஞாபகம் வரும். கெட்டது ரேம் என்றால் இன்னும் விசேஷம். புது விண்டோஸ் ஏறும்போதே பாதியில் நீலம் வந்து நின்றாலும் நிற்கும்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத்திரையில் படுக்கவைத்தது. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பரிகாரம்? சேஃப் மோடில் நுழைந்து அந்த அப்டேட் ஃபைலை அழிப்பது, அவ்வளவுதான். நல்லவேளை, மச்சினனை யாரும் கேட்கவில்லை.

1998 ஏப்ரலில், சிகாகோ காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில் விண்டோஸ் 98-ஐக் காட்டும்போது ஸ்கேனரைச் செருகினார்கள். பின்னாலிருந்த பெரிய திரை முழுக்க நீலம். அதனால்தான் இதை இன்னும் விற்பனைக்கு விடவில்லை என்று பில் கேட்ஸ் சிரித்துச் சமாளித்தார். அங்கேயும் ஒருவர்கூட ஃபார்மேட் என்று வாய் திறக்கவில்லை.

மச்சினனுக்குத் தெருமுனைக் கடைத் தம்பி பரவாயில்லை. கேபினெட்டைத் திறந்து, ஃபேனில் பஞ்சு பஞ்சாகப் படிந்த தூசியை பிரஷ்ஷால் தட்டி, ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறக் காலை பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துச் செருகினான். பல நேரம் இது வேலை செய்துவிடும். இந்தத் தடவை செய்யவில்லை.

சரி, காரணத்துக்கு வருவோம். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் தப்பு நேர்ந்தால், தொடர்ந்து ஓடி டிஸ்கில் குப்பையை எழுதிவைப்பதைவிட நின்றுவிடுவதே மேல் என்று விண்டோஸ் நின்றுவிடுகிறது. நிற்குமுன் மினிடம்ப் என்று ஒரு சின்ன ஃபைலையும் எழுதுகிறது. யாரால் வந்த வினை என்று அதை ஒரு இலவச மென்பொருளில் திறந்து பார்த்தால், குற்றவாளியாகப் பல தடவை வருவது விண்டோஸின் அதே கெர்னல்தான். திருட்டுப் போன வீட்டுக்காரரையே பிடித்து உள்ளே வைப்பது போல. நிஜத் திருடன் டிரைவராக இருக்கலாம், ரேமாக இருக்கலாம், எஸ்எம்பிஎஸ்ஸாகக்கூட இருக்கலாம்.

2025-ல் மைக்ரோசாஃப்ட் ஒருவழியாக இந்த நீலத்திரையில் கை வைத்தது. சோக முகத்தையும் கியூஆர் கோடையும் தூக்கிவிட்டு, திரையைக் கறுப்பாக்கியது. அதுவும் விண்டோஸ் 11-க்குத்தான். இதை எழுதுகிறவருடையது ஆறாம் தலைமுறை இன்டெல், 11 முறைப்படி ஏறாது. இவருக்கு நீலம்தான்.